உழைத்தால் மட்டும் போதுமா? அமெரிக்க ரயில்வே தொழிலாளர் வரலாறு தரும் பாடம்

அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2023-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. கல்லூரியில் மாணவர்களைச் சேர்க்கும்போது அவர்கள் எந்த இனத்தவர் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது செல்லாது என்பதே அத்தீர்ப்பு. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் வட கரோலினா பல்கலைக்கழகமும் அவ்வழக்கில் தோற்றன. கறுப்பர்களைக் கைதூக்கிவிட 1960-களில் தொடங்கிய ஒரு கொள்கை, கல்லூரி வாசலில் இவ்வாறு முடிவுக்கு வந்தது.

அந்தக் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளில் இருவர் கறுப்பர். அவ்விருவரும் இந்த விஷயத்தில் எதிரெதிரே நின்றார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

கிளாரன்ஸ் தாமஸ் 1948-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். எண்ணெய் வியாபாரம் செய்து பிழைத்த தாத்தாவின் கண்டிப்பில் வளர்ந்தவர். யேல் சட்டக் கல்லூரியில் 1974-ல் பட்டம் பெற்றார். ஆனால், அது சலுகையில் வந்த பட்டம் என்று வேலை கொடுப்பவர்கள் மட்டமாக எடை போட்டார்கள் என்பது அவரது மனக்குறை. சுருட்டுப் பெட்டியிலிருந்த 15 சென்ட் விலைச் சீட்டை எடுத்துப் பட்டத்தின் சட்டத்தில் ஒட்டிவைத்ததாக அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சலுகை என்பது பெறுகிறவனின் சொந்த உழைப்பையும் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடும் என்பது அவர் கட்சி.

மற்றவர் கேதன்ஜி பிரவுன் ஜாக்சன். 2022-ல் பதவியேற்ற இவர், அக்கோர்ட்டின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி. வட கரோலினா வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய அவர், இரண்டு மாணவர்களை உதாரணம் காட்டினார். இருவரும் அதே மாநிலத்தில் ஏழு தலைமுறையாக வாழும் குடும்பத்துப் பிள்ளைகள். ஒருவன் வெள்ளையன்; சேர்ந்தால் அங்கே படிக்கும் ஏழாவது தலைமுறை. மற்றவன் கறுப்பன், சேர்ந்தால் முதல் தலைமுறை. முன்னோரை உள்ளேயே விடாத ஒரு கல்லூரி, இப்போது மட்டும் நிறத்தைப் பார்க்கமாட்டேன் என்றால் நியாயமா என்பது அவர் கேள்வி.

சொந்த முயற்சியா, சமூகத்தின் கடமையா என்ற இந்த வாதம் அமெரிக்காவில் புதிதல்ல. அதற்கு வயது நூறுக்கும் மேல்.

செங்கல் சூளையில் தொடங்கிய வாதம்

புக்கர் டி. வாஷிங்டன் 1856-ல் அடிமையாகப் பிறந்தவர். உப்பு காய்ச்சும் இடத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் கூலி வேலை பார்த்துப் படித்தார். 1881-ல் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில் பள்ளிக்கூடத்தின் பொறுப்பேற்றார். கட்டிடம் கட்டச் செங்கல் வேண்டும்; வாங்கப் பணமில்லை. மாணவர்களையே அறுக்கச் சொன்னார். மூன்று சூளைகள் பாழாயின. நான்காவது சூளைக்குத் தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார். அந்தச் சூளை வெந்தது. கல் நன்றாக இருந்ததால் வெள்ளைக்காரர்களும் வாங்க வந்தார்கள்.

இந்த அனுபவத்திலிருந்துதான் அவர் கொள்கை பிறந்தது. தொழில் கற்றுக்கொள், சிக்கனமாக இரு, சொத்து சேர்; மரியாதை தானே வரும்; ஓட்டுரிமைக்கும் சமத்துவத்துக்கும் இப்போது சண்டை வேண்டாம் என்று 1895-ல் அட்லாண்டாவில் பேசினார். வெள்ளையர்கள் அதைப் பெரிதும் வரவேற்றனர்.

அதே 1895-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் டபிள்யூ. ஈ. பி. டூபாய்ஸ். அவர் 1903-ல் வாஷிங்டனை மறுத்து எழுதினார். ஓட்டு இல்லாதவன் சேர்த்த சொத்துக்குக் காவல் ஏது என்பது அவர் வாதத்தின் சாரம்.

அவர் அஞ்சியபடியே 1921-ல் நடந்தது. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்ஸா நகரில் கிரீன்வுட் என்ற பகுதியைக் கறுப்பர்கள் தங்கள் உழைப்பாலேயே உருவாக்கியிருந்தனர். கடை, ஓட்டல், சினிமாக் கொட்டகை, டாக்டர்கள், வக்கீல்கள் எல்லாம் இருந்த செழிப்பான இடம். மே 31 இரவு தொடங்கி மறுநாளுக்குள் வெள்ளையர் கும்பல் அதைத் தீக்கிரையாக்கியது. ஏறத்தாழ 35 தெருப் பகுதிகள் சாம்பலாயின. இன்ஷூரன்ஸ் பணமும் கைக்கு வரவில்லை.

எதிரிகள்போல் காணப்பட்ட இருவருக்கும் இன்னொரு முகமும் உண்டு. மேடையில் பொறுமை போதித்த வாஷிங்டன், கறுப்பர்களின் ஓட்டுரிமை வழக்குகளுக்கு யாருக்கும் தெரியாமல் பணம் கொடுத்து வந்தார். உரிமை பேசிய டூபாய்ஸோ, கறுப்பர்கள் தங்களுக்குள் கூட்டுறவுத் தொழில்களை வளர்க்க வேண்டும் என்று 1930-களில் வற்புறுத்தினார்.

ரயில் பெட்டியில் பிறந்த சட்டம்

அமெரிக்காவில் இனப் பிரிவினைக்குச் சட்ட முத்திரை கிடைத்ததே ஒரு ரயில் பெட்டியால்தான். லூசியானா மாநிலம் 1890-ல் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பெட்டி வேண்டும் என்று சட்டம் செய்தது. ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் 1892-ல் முதல் வகுப்பு டிக்கெட் வாங்கி, வேண்டுமென்றே வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்து கைதானார். 1896-ல் சுப்ரீம் கோர்ட் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஹார்லன் என்ற ஒரே நீதிபதி மட்டும், அரசியல் சட்டத்துக்கு நிறம் தெரியாது என்று மாறுபட்டு எழுதினார்.

அன்று கறுப்பருக்காகச் சொல்லப்பட்ட அந்த வாதத்தையே, கறுப்பருக்குத் தனிச் சலுகை கூடாது என்பவர்கள் பிற்காலத்தில் எடுத்துக்கொண்டனர். 2023-ம் ஆண்டுத் தீர்ப்பிலும் அது பேசப்பட்டது.

ஃபயர்மேன் ஸ்டீலின் கதை

உழைப்பு மட்டும் போதுமா என்ற கேள்விக்குப் பதில் வேண்டுமானால் பெஸ்டர் ஸ்டீல் என்ற தொழிலாளியின் வழக்கைப் பார்க்க வேண்டும். இவர் அலபாமாவில் லூயிவில் - நாஷ்வில் ரயில்வேயில் நீராவி என்ஜினுக்குக் கரி போடும் ஃபயர்மேன். பாசஞ்சர் வண்டியில் நல்ல வேலை. சீனியாரிட்டியும் இருந்தது.

ஃபயர்மேன்களின் யூனியனில் கறுப்பர்களுக்கு இடமில்லை. ஆனால் பெரும்பான்மையினரின் சங்கம் என்பதால் எல்லோருக்குமாகக் கம்பெனியோடு பேசும் அதிகாரம் அதற்குத்தான் இருந்தது. அந்த யூனியன் 1941-ல் ரயில்வேக்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. கறுப்பின ஃபயர்மேன்கள் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அதன் முக்கிய ஷரத்து. ஸ்டீலின் வேலை காலியானதாக அறிவிக்கப்பட்டு, அவரைவிட ஜூனியர்களான வெள்ளையர்களிடம் போயிற்று. 16 நாள் அவருக்கு வேலையே இல்லை. பிறகு கிடைத்தது சரக்கு வண்டி வேலை; பாடு அதிகம், கூலி குறைவு.

ஸ்டீல் செய்த குற்றம் என்ன? சோம்பலா, குடியா, கவனக்குறைவா? எதுவுமில்லை. அவருக்கு வந்தவர்கள் அவரைவிடத் திறமைசாலிகளும் அல்ல.

அவர் கோர்ட்டுக்குப் போனார். வழக்குத் தொடுத்த பிறகு, 1942 ஜனவரியில் பழைய பாசஞ்சர் வேலை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. நம் வேலை நமக்கு வந்துவிட்டது என்று அவர் வழக்கை விட்டுவிடவில்லை. 1944 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எல்லோருக்காகவும் பேசும் அதிகாரம் பெற்ற யூனியன், தன்னில் சேராதவர்களுக்கும் பாரபட்சமின்றி நடக்க வேண்டும் என்ற விதி அதனால் ஏற்பட்டது.

சங்கம் வென்றது எப்படி?

அந்நாளில் புல்மன் கம்பெனியின் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்த போர்ட்டர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள். மாதம் 400 மணி நேரம் வேலை. பயணிகள் அவர்களைச் சொந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. கம்பெனி முதலாளியின் பெயரான 'ஜார்ஜ்' என்றே எல்லோரையும் அழைத்தார்கள். 1925-ல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தனர். சேர்ந்தவர்களில் பலர் வேலை இழந்தனர். ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1937-ல் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. வேலை நேரம் 240 மணியாகக் குறைந்தது.

1941-ல் ராண்டால்ஃப் ஒரு லட்சம் பேருடன் தலைநகருக்கு ஊர்வலம் வருவதாக அறிவித்தார். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அதற்கு முன்பே, ஜூன் 25-ந் தேதி, யுத்தத் தளவாடத் தொழில்களில் இன பேதம் காட்டக்கூடாது என உத்தரவிட்டார், ஊர்வலம் கைவிடப்பட்டது. உத்தரவு வந்ததால் மனம் மாறிவிடவில்லை. 1944-ல் பிலடெல்பியாவில் எட்டுக் கறுப்பர்களை டிராம் ஓட்டப் பழக்கியதற்காக வெள்ளைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ராணுவம் வந்துதான் வண்டிகள் ஓடின.

நூறு இடங்களில் பதினாறு

1961-ல் ஜனாதிபதி கென்னடியும் 1965-ல் ஜான்சனும் பிறப்பித்த உத்தரவுகள் இதற்கு அடுத்த கட்டம். சர்க்கார் கான்ட்ராக்ட் எடுப்பவர்கள் பேதம் காட்டாமல் இருந்தால் மட்டும் போதாது, ஒதுக்கப்பட்டவர்களுக்கு இடம் கிடைக்க முயற்சியும் எடுக்க வேண்டும் என்றன அவை. கல்லூரிகளும் இதைப் பின்பற்றின. கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16-ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியது. இடம் கிடைக்காத ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் வழக்குத் தொடுத்தார். இத்தனை இடம் என்று ஒதுக்குவது தவறு, ஆனால் இனத்தையும் ஓர் அம்சமாகப் பார்க்கலாம் என்று 1978-ல் தீர்ப்பாயிற்று.

ஒதுக்கீட்டை ஆதரித்து அன்று எழுதியவர் தர்குட் மார்ஷல். முதல் கறுப்பின நீதிபதியான அவர், ரயிலின் உணவுப் பெட்டியில் வேலை பார்த்தவரின் மகன். 1991-ல் அவர் ஓய்வு பெற்ற இடத்துக்கு வந்தவர்தான் கிளாரன்ஸ் தாமஸ்.

சலுகையை நிறுத்தினால் என்ன ஆகும்? கலிபோர்னியா 1996-ல் பொதுஜன ஓட்டெடுப்பு மூலம் நிறுத்திப் பார்த்தது. 1998-ல் பெர்க்லியில் இடம் கிடைத்த கறுப்பின மாணவர் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. ஏழைப் பள்ளிகளைத் தேடிச் சென்று மாணவர்களைத் தயார் செய்ய அப்பல்கலைக்கழகம் 2004-க்குப் பின் 50 கோடி டாலருக்கு மேல் செலவிட வேண்டியிருந்தது. 2023-ம் ஆண்டுத் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தவர்களில் கறுப்பர் 13 சதவிகிதத்திலிருந்து 5 ஆயினர். ஆனால் யேலில் 14 சதவிகிதம் மாறவில்லை. 1965-ம் ஆண்டு உத்தரவையும் 2025 ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப் ரத்து செய்தார்.

நம் நாட்டில்

கல்லூரி இடம் பற்றிய வழக்கு நமக்கும் புதிதல்ல. சென்னை ராஜ்யத்தின் வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்று 1951-ல் நம் சுப்ரீம் கோர்ட் கூறியபோது, அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. அமெரிக்காவில் அப்படியொரு திருத்தம் வரவில்லை. அதனால் அங்கே ஒரு தீர்ப்பு கொடுத்ததை இன்னொரு தீர்ப்பு எடுத்துக்கொண்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த டாக்டர் அம்பேத்கர், 1946-ல் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா. சபைக்கு அளித்த மனுவின் பிரதியை அதில் கேட்டிருந்தார். டூபாய்ஸும் அனுதாபத்துடன் பதில் எழுதினார்.

பிள்ளைகளிடம் நாம் எதைச் சொல்வது? படி, நேரத்துக்கு வேலைக்குப் போ, கெட்ட பழக்கம் வேண்டாம் என்று சொல்வது பெற்றவர் கடமை. அந்தப் புத்திமதியையே சாக்காக வைத்து வாசலை அடைத்துவிட்டு, உள்ளே வராதது உன் குற்றம் என்று சொல்வது நாட்டுக்கு அழகல்ல. ஸ்டீல் கரி போடுவதிலும் குறை வைக்கவில்லை. கோர்ட்டுக்குப் போகவும் தயங்கவில்லை. தம் வேலை திரும்பக் கிடைத்த பிறகும், அடுத்தவனுக்காக மூன்றாண்டுகள் வழக்காடினார். பொறுப்பு என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல அர்த்தம் இல்லை.