வள்ளத்து வயர்லெஸ் பேசுவது எப்படி?

உரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவன் வயர்லெஸ் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். வள்ளியாறு கடலில் சேருகிற நம் கடியப்பட்டணம், தோப்புக்காரரும் கடலுக்குப் போகிறவரும் அடுத்தடுத்து வாழ்கிற ஊர். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது, ஆழ்கடலில் நின்ற பல படகுகளுக்குக் கரையிலிருந்து சேதி போய்ச் சேரவில்லை. வயர்லெஸ் செட் இருந்தும் ஏன் எட்டவில்லை?

செட்டுக்குள் இருக்கிற சங்கதி ஒன்றும் மந்திரமில்லை. கண்டென்சர் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும். அதைக் கம்பிச்சுருள் வழியாக விட்டால், ஓட்டம் சட்டென்று நிற்காது. கண்டென்சரின் மறுபக்கத்தை நிரப்பிவிட்டுத் திரும்பி வரும். ஊஞ்சல் போய்வருகிற மாதிரிதான். தள்ளிவிட ஆள் இல்லாவிட்டால் ஊஞ்சல் அடங்கிவிடுமே, இதுவும் அடங்கிவிடும். இங்கே தள்ளிவிடுகிற ஆள் டிரான்சிஸ்டர். மடைப்பலகையைக் கொஞ்சம் தூக்கினால் வாய்க்கால் நிறையத் தண்ணீர் பாய்கிறதல்லவா? அப்படியே, சின்ன மின்சாரத்தைக் கொண்டு பேட்டரியின் பெரிய மின்சாரத்தை அது திறந்து மூடும். ஊஞ்சலின் ஆட்டத்திலிருந்தே துளியளவு எடுத்து அந்த மடைக்குக் கொடுத்துவிட்டால், ஆட்டம் தானே நடந்துகொண்டிருக்கும். இந்தக் காலத்துச் செட்டில் பாகங்கள் அதிகம், அடிப்படை இதுதான்.

ஆபத்துக் காலத்துக்கென்று ஒதுக்கிய 16-ம் சேனலில் இந்த ஆட்டம் விநாடிக்கு 15 கோடியே 68 லட்சம் தடவை. ஏரியலில் ஏற்றினால் அது அலையாகக் கிளம்பும். அலையின் நீளம் சுமார் 1.9 மீட்டர், அதில் கால் பங்கு, அதாவது ஏறக்குறைய ஒரு முழக் கம்பி, ஏரியலுக்குப் போதும். நீங்கள் மைக்கில் பேசும்போது உங்கள் குரல் ஊஞ்சலைச் சற்று வேகமாகவும் சற்று மெதுவாகவும் ஆட வைக்கிறது. கேட்கிற செட் அந்த வித்தியாசத்தைப் பிரித்துக் குரலாக்குகிறது.

இனி தூரத்துக்கு வருவோம். இந்த அலை அநேகமாக நேர்கோட்டில்தான் போகும், பூமியோ வளைந்தது. கடலில் 4 மீட்டர் உயர ஏரியல் வைத்த இரண்டு படகுகள் ஏறக்குறைய 16 கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ளலாம். கரையில் 25 மீட்டர் கோபுரம் இருந்தால் அதே படகு 29 கிலோமீட்டர் வரை கேட்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போன படகுக்கு எப்படி எட்டும்? பேட்டரியை மாற்றி சக்தியைக் கூட்டினாலும் பெரிய பலனில்லை. ஏரியலைத்தான் உயர்த்த வேண்டும். அதற்கும் அப்பால் போகிறவர்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் சேதி தரும் கருவிதான் வழி.

இன்னொன்று. பட்டனை அழுத்தியிருக்கும்வரை உங்கள் செட்டுக்குக் காது கிடையாது. இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் பட்டனை விடுங்கள். 16-ம் சேனலில் ஊர்க்கதை பேசாதீர்கள்; மூழ்குகிறவன் கூப்பிடுவது உங்கள் பேச்சில் அமுங்கிப் போகும். பையன்கள் யாராவது டிரான்ஸ்மிட்டரைத் தாங்களே கட்டி அலை பரப்பப் பார்த்தால், அனுமதியில்லாமல் அது சட்டப்படி குற்றம் என்று சொல்லி வையுங்கள்.