தவணை வணிகமும் ரிபாவும்
'இப்போது வாங்குக, பிறகு செலுத்துக' முறை குறித்து ஒரு ஷரீஅத் பார்வை

தவணைக்குப் பொருள் வாங்குவது இஸ்லாமியச் சட்டத்திற்குப் புதியதன்று. நபி (ஸல்) அவர்கள் ஒரு யூதரிடம் தவணைக்கு உணவுப்பொருள் வாங்கி, தம் இரும்புக் கவசத்தை அடைமானமாக வைத்த செய்தியை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) தவணைக் கடனை எழுதி வைக்கும் முறையையே விளக்குகிறது. ஃபிக்ஹு நூல்கள் இவ்வணிகத்தைப் 'பைஉ முஅஜ்ஜல்' என வழங்கும்.

இராமேசுவரம், பாம்பன், மண்டபம், கீழக்கரைக் கரையோரத்திற்கும் இது பழகிய வழக்கமே. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வருவாய் நின்ற அந்நாள்களில் மளிகைக் கடையின் பற்றுக் கணக்கே பல குடும்பங்களைத் தாங்குகிறது. அப்பற்றேட்டின் இடத்திற்கு இன்று கைப்பேசிச் செயலியும் வந்துவிட்டது. இரண்டும் ஒன்றா?

விற்பவர் யார்?

ரொக்கத்திற்கு 20,000 ரூபாய் விலையுள்ள குளிர்பதனப் பெட்டியைக் கடைக்காரரே பத்து மாதத் தவணையில் 22,000 ரூபாய்க்கு விற்கிறார் எனக் கொள்வோம். ஷாஃபிஈ மத்ஹபு உள்ளிட்ட நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்களும் இதனை அனுமதிக்கின்றனர். ஆனால், இரு விலைகளுள் ஒன்று ஒப்பந்தத்தின்போதே முடிவாகிவிட வேண்டும். ஜித்தாவில் 1990இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் தீர்மானமும் இதுவே.

மாறாக, ஒரு நிதி நிறுவனம் கடைக்காரருக்கு 20,000 செலுத்திவிட்டு நம்மிடம் 22,000 வாங்கினால் அது ரிபா. தொகை ஒன்றாயிருக்கத் தீர்ப்பு ஏன் மாறுகிறது? கடைக்காரர் பொருளின் உரிமையாளர். ஒப்படைக்கும்வரை அதன் சேதமும் குறையும் அவர் பொறுப்பு. நிறுவனமோ பணத்தைக் கொடுத்துக் கூடுதல் பணம் பெறுகிறது. பொருளின் பொறுப்பு எதனையும் ஏற்பதில்லை. வணிகமும் வட்டியும் ஒன்றுபோன்றவைதாமே என்ற பழைய வாதத்தை எடுத்துக்காட்டி மறுப்பது 2:275ஆம் வசனம். நிறுவனம் பொருளை முதலில் தானே வாங்கி, கைப்பற்றி, பின் விற்குமாயின் தீர்ப்பு வேறாகும்.

தாமதக் கட்டணம்

வாடிக்கையாளரிடம் கூடுதல் எதுவும் பெறாமல் கடைக்காரரிடம் மட்டும் சேவைக் கட்டணம் பெறும் முறையைச் சமகால அறிஞர் பலர் ஏற்கின்றனர். ஆயினும், தவணை தவறினால் விதிக்கப்படும் கட்டணம் அங்கும் உண்டு. கடன் தீராவிடில் தொகையைக் கூட்டுவதே ஜாஹிலிய்யாக் கால ரிபா. மேற்சொன்ன 1990ஆம் ஆண்டுத் தீர்மானம் இத்தகைய நிபந்தனையைத் தடை செய்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் 'தண்ட வட்டி' கூடாது, 'தண்டக் கட்டணம்' மட்டுமே விதிக்கலாம், அதன்மேல் வட்டி ஏறலாகாது என ஆணையிட்டது. இது கடனாளிக்கு நிவாரணமே. எனினும் பெயர் மாறியதால் ஷரீஅத் தீர்ப்பு மாறாது.

"குறித்த நாளில் செலுத்திவிடுவேன், அக்கட்டணம் என்னைச் சேராது" என்பார் உளர். தேவையும் செலுத்தும் உறுதியும் உள்ளவர்க்கு இதில் இடமுண்டு என்பர் சில அறிஞர். ரிபா நிபந்தனைக்கு ஒப்புதல் அளிப்பதே கூடாது என்பர் வேறு சிலர். காற்றையும் கடலையும் நம்பி வருவாய் ஈட்டுவோர் அவ்வுறுதியை எங்ஙனம் தருவர்? அவர்களுக்கு விலகியிருத்தலே பேணுதல்.

செய்யத்தக்கவை

ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளின்படி, மின்னணுக் கடன் வழங்குவோர் ஆண்டு வட்டி விகிதத்தையும் கட்டணங்களையும் குறிக்கும் விவர அறிக்கையைக் கடனாளிக்கு முன்கூட்டியே தரவேண்டும். ஒப்புதல் அளிக்குமுன் அதனைப் படித்து மூன்று கேள்விகள் கேட்போம்: நமக்கு விற்பவர் யார்? விலை முடிவாகிவிட்டதா? தாமதித்தால் தொகை கூடுமா?

வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பதை நபிமொழி அநீதி என்கிறது; இயலாதவருக்கு அவகாசம் அளிக்குமாறு 2:280ஆம் வசனம் பணிக்கிறது. முன்னது கடனாளியின் பொறுப்பு. பின்னது கடன் கொடுத்தவரின் கடமை. தடைக்கால மாதங்களை முன்னிட்டு ஜமாஅத் பைத்துல்மால்கள் வட்டியில்லா அழகிய கடனுக்கு ஒரு பகுதியை ஒதுக்குமாயின், செயலியின் வாசலை நாடவேண்டிய தேவையே பலருக்கு இராது.