வேகமான வழி 1968-லேயே தெரியும்

2016 ஜூலை 20 அன்று, உலகெங்கும் புரோகிராமர்கள் சந்தேகம் கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடங்கள் முடங்கிக் கிடந்தது. யாரும் தாக்கவில்லை. ஒருவர் இட்ட பதிவில், ஒரு வரிக்கு நடுவே ஏறக்குறைய 20,000 வெற்றிடங்கள் தொடர்ச்சியாக இருந்தன, அவ்வளவுதான். வரியின் முதலிலும் கடைசியிலும் வேண்டாத வெற்றிடம் இருந்தால் வெட்டிவிடுவதற்காக அந்தத் தளம் ஒரு சின்னத் தேடல் சூத்திரத்தை வைத்திருந்தது. அதை இயக்கிய நிரல் முதல் வெற்றிடத்தில் தொடங்கி இருபதாயிரத்தையும் கடந்து போனது. அங்கே வேறோர் எழுத்து நின்றதால் இது வரியின் கடைசி இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தது. பிறகு இரண்டாவது வெற்றிடத்தில் தொடங்கி 19,999-ஐக் கடந்தது, அப்புறம் மூன்றாவதில் தொடங்கியது. இப்படிக் கூட்டினால் சுமார் 20 கோடிச் சரிபார்ப்புகள். அந்தப் பதிவு முகப்புப் பக்கத்தில் வந்திருந்தது. வருகையாளர்களைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோடு பேலன்சர், அவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று சோதித்துப் பார்ப்பதும் அதே முகப்புப் பக்கத்தைத்தான். பக்கம் வரத் தாமதமானதால், அது சர்வர்களை ஒவ்வொன்றாகப் பழுதானவை என்று ஒதுக்கிவிட, தளமே இல்லாமல் போனது.

இந்தத் தேடல் சூத்திரத்துக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர்; சுருக்கமாக ரெஜெக்ஸ். நாம் படிவத்தில் அடிக்கும் மின்னஞ்சல் முகவரி சரியான வடிவில் இருக்கிறதா, கட்டுரையின் முதல் ஐம்பது சொற்களை மட்டும் எப்படி எடுத்துக் காட்டுவது என்பன போன்ற வேலைகளை வலைத்தளங்கள் பெரும்பாலும் இதைக் கொண்டே முடிக்கின்றன. எழுதுவதற்கு ஒரே வரி போதும். ஆனால் அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு வேலை ஒளிந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. 'எழுத்துகள் சேர்ந்த குழு, அப்படிப்பட்ட குழுக்கள் ஒன்றோ பலவோ, அதோடு முடிய வேண்டும்' என்று ஒரு சூத்திரம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முப்பது எழுத்துகளைக் கொடுத்து, கடைசியில் பொருந்தாத ஒரு குறியை வைத்தால், அந்த முப்பதை எத்தனை விதமாகக் குழுக்களாகப் பிரிக்கலாமோ அத்தனையையும் நிரல் முயன்று பார்க்கும். அது 50 கோடிக்கு மேல். இன்னும் ஓர் எழுத்து சேர்த்தால் அதுவும் இரட்டிப்பாகும். ஒரு தளத்தை முடக்கப் பல்லாயிரம் கணினிகளை ஏவும் வழக்கமான தாக்குதலுக்குப் பணமும் ஆள்பலமும் வேண்டும். இங்கே ஒரு படிவமும் ஒரு வரியும் போதும். ரீடாஸ் என்று பாதுகாப்புத் துறையினர் அழைக்கும் சேவை மறுப்புத் தாக்குதல் இதுதான்.

பழியைச் சூத்திரம் எழுதியவர் தலையில் போடுவது வழக்கம்: கவனமாக எழுதியிருந்தால் இப்படி ஆகுமா என்று. ஜாங்கோ என்ற வலை ஃபிரேம்வொர்க்கின் வரலாற்றைப் பார்த்தால் அந்த வழக்கம் நியாயமற்றது என்று தெரியும். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோவை அனுபவசாலிகள் பலர் சேர்ந்து பராமரிக்கிறார்கள். பாதுகாப்பில் அக்கறையானவர்கள் என்று பெயரெடுத்தவர்கள். 2009 அக்டோபரில், மின்னஞ்சலையும் இணைய முகவரியையும் சரிபார்க்கும் அவர்களது ரெஜெக்ஸ்களில் இந்த ஓட்டை தெரியவந்தது, அடைத்தார்கள். 2023 ஜூலையில் அதே இரண்டு வேலைகளுக்கான சூத்திரங்களில் மறுபடி ஓட்டை. இம்முறை மின்னஞ்சல் முகவரி 320 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். வலைப்பக்க மொழியான எச்.டி.எம்.எல்.-இல் உள்ள உரையைச் சுருக்கும் பகுதியின் கதை இன்னும் நீளம். 2019 ஆகஸ்டில் திருத்தினார்கள், 2023 அக்டோபரில் திருத்தினார்கள், அந்தத் திருத்தங்கள் முழுமையில்லை என்று 2024 மார்ச்சில் மீண்டும் திருத்தினார்கள். கடைசியில் 2024 ஆகஸ்டில் வந்த 5.1 பதிப்பில், அந்த வேலையை ரெஜெக்ஸிடமிருந்து எடுத்து, எச்.டி.எம்.எல்.-ஐ முறையாகப் பகுத்துப் படிக்கும் பார்சரிடம் ஒப்படைத்தார்கள். திறமையுள்ளவர்கள், கண்ணைத் திறந்து வைத்திருப்பவர்கள், ஓரிடத்திலேயே மூன்று முறை தடுக்கி விழுகிறார்கள் என்றால் கோளாறு அவர்களிடம் இல்லை. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட கருவியில் இருக்கிறது.

இதைவிட நல்ல கருவி இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் என் ஆதங்கம். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் 1968-இலேயே அதை எழுதி வெளியிட்டார். சந்துகள் கிளைக்கும் ஊரில் ஒரு வீட்டைத் தேடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் ஒவ்வொரு சந்தாகப் போய், முட்டி, திரும்பி வந்து, அடுத்ததில் நுழைவது ஒரு வகை. பேக்டிராக்கிங் என்பது அது. எல்லாச் சந்துகளிலும் ஒரே சமயத்தில் ஆள் அனுப்பி, இருவர் ஒரே முனையில் சந்தித்தால் ஒருவரை மட்டும் மேலே போகவிடுவது இன்னொரு வகை, அது தாம்ப்சனுடையது. இதில் ஒரே இடத்தை இருமுறை தேடும் பேச்சே இல்லை. உரை இரண்டு மடங்கு நீண்டால் வேலையும் இரண்டு மடங்கு, அதற்கு மேல் போகாது. ஆனால் பெர்ல் மொழி பேக்டிராக்கிங்கைப் பின்பற்றியது; பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ரூபி என்று புழக்கத்தில் உள்ள மொழிகளும் அதே வழியில் போயின. புரோகிராமர் ரஸ் காக்ஸ் 2007-இல் எழுதிய ஒரு விரிவான கட்டுரை இந்த மறதியை எடுத்துக் காட்டியது. அவர் கூகுளில் உருவாக்கிய ஆர்.இ.2 என்ற, ரெஜெக்ஸை இயக்கும் இஞ்சின் 2010-இல் பொதுவுக்கு வந்தது. கோ மொழியும் ரஸ்ட் மொழியின் ரெஜெக்ஸ் நூலகமும் அந்த வழியிலேயே நடக்கின்றன.

மறுப்புகள் உண்டு. முன்பு பொருந்திய பகுதியே மறுபடி வருகிறதா என்று கேட்கும் பேக்ரெஃபரன்ஸ் போன்ற வசதிகளைத் தாம்ப்சன் வழியில் தர முடியாது என்பது முதலாவது. உண்மைதான். ஆனால் பெரும்பாலான சூத்திரங்களுக்கு அந்த வசதி தேவையே இல்லை. எவருக்குத் தேவையோ அவர் அதைத் தெரிந்தே கேட்டு வாங்கட்டும். எல்லோருக்கும் ஆபத்தான வழியையே இயல்பாகக் கொடுப்பானேன்? இன்னொன்று, இதில் தரவு எதுவும் திருடு போவதில்லை, ஆகவே பெரிதுபடுத்துகிறோம் என்பது. புரோகிராமரின் சொந்தக் கணினியில் மட்டும் ஓடும் கருவிகளில்கூட ரீடாஸ் என்று அறிக்கை எழுதி, சம்பளமில்லாமல் பராமரிப்பவர்களைத் திணறடிக்கிறார்கள் என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெளியார் உரையை வாங்கும் சர்வரின் கதை வேறு. டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் 2,846 பிரபலத் தளங்களைச் சோதித்தபோது 339 தளங்களில் இந்த ஓட்டை இருந்தது. மருத்துவமனைப் பதிவோ, வங்கிச் சேவையோ தேவைப்படும் நேரத்தில் திறக்காவிட்டால், திருட்டு நடக்கவில்லை என்பது ஆறுதல் ஆகாது.

நேர வரம்பு வைத்தால் போதாதா என்பதுதான் வலுவான மறுப்பு. ரெயில்ஸ் ஃபிரேம்வொர்க்கின் 8-ஆம் பதிப்பு, புதிய செயலிகளில் எந்த ரெஜெக்ஸும் ஒரு நொடிக்கு மேல் ஓடக் கூடாது என்று இயல்பாகவே வரம்பு வைக்கிறது. நல்ல ஏற்பாடு, வரவேற்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட வேலி எந்நேரமும் நின்றாக வேண்டும். 2019 ஜூலை 2-இல், பிற தளங்களுக்குக் காவல் நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம், தீய நிரல்களைக் கண்டுபிடிக்க ஒரு புதிய விதியைத் தன் சர்வர்கள் அனைத்துக்கும் சில நொடிகளில் அனுப்பியது. அதிலிருந்த ரெஜெக்ஸ் உலகெங்கும் உள்ள அதன் சி.பி.யூ.க்களை முழுதாக விழுங்க, 27 நிமிடங்களுக்கு எண்ணற்ற தளங்கள் திறக்கவில்லை. அளவுமீறி சி.பி.யூ. தின்னும் ரெஜெக்ஸைத் தடுக்கும் காவல் அங்கேயும் இருந்தது. சில வாரங்களுக்கு முன் நிரலைச் சீரமைத்தபோது தவறுதலாக நீக்கப்பட்டிருந்தது. அதன்பிறகு ஆர்.இ.2 அல்லது ரஸ்ட் இஞ்சினுக்கு மாறுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. வேலியை மட்டும் நம்பாமல் அடித்தளத்தையே மாற்றத் தீர்மானித்தது சரியான பாடம்.

பழைய நிரல்களை உடைக்காமல் மாற முடியுமா என்ற கவலைக்கு ரூபி பதில் சொல்லிவிட்டது. 2022 டிசம்பரில் வந்த 3.2 பதிப்பு, ஒருமுறை முட்டிய இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மறுபடி அங்கே போகாதபடி தன் பழைய இஞ்சினையே திருத்தியது. உரை நீளத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கூடுதல் நினைவகம் செலவாகும். புரோகிராமர்கள் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. சுமார் 90 சதவீதச் சூத்திரங்களுக்கு இது உதவும் என்பது ரூபி குழுவின் சோதனைக் கணக்கு. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 7, பேக்டிராக்கிங் இல்லாத இஞ்சினைக் கேட்டால் தரும் வசதியாகச் சேர்த்தது. குரோம் உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் வி8-இன் குழு 2021-லேயே அப்படியோர் இஞ்சினைச் செய்து காட்டியது, ஆனால் சோதனை நிலையில். பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் நூலகத்தில் நேர வரம்புகூட இல்லை. ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் ஆகிய இரண்டு மொழிகளின் குழுக்களும் முதலில் செய்ய வேண்டியது ரூபி செய்ததைத்தான்: திருத்தத்தைப் பல லட்சம் புரோகிராமர்களிடம் விடாமல், இஞ்சினுக்குள் ஒரே இடத்தில் செய்வது.