அகதிக் குழந்தையும் பிறப்புச் சான்றும்

அகதிகளுக்குத் தொண்டு என்றவுடன் அரிசியும் ஆடையுமே நம் நினைவுக்கு வரும். திண்டுக்கல்லில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பயிற்சி பெற்றபோது எனக்கு அளிக்கப்பட்ட பணியோ வேறு: குழந்தைகளின் பிறப்புச் சான்றுகளைச் சரிபார்த்தல்.

1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்திற்குப் பின் பல்லாயிரம் ஈழத்தமிழர் கடல் கடந்து தமிழகம் வந்தனர். அவர்களுள் சிலருக்குத் திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி ஆகிய ஊர்களில் முகாம்கள் அமைந்தன. 2022 செப்டம்பரில் தோட்டனூத்தில் 321 புதிய வீடுகள் திறக்கப்பட்டன. வீடு கிடைத்தது, நாடு எது என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

1987 ஜூலை 1 முதல் இந்திய மண்ணில் பிறந்த குழந்தை, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமக்களாக இல்லாவிடில், பிறப்பினால் மட்டும் இந்நாட்டுக் குடியுரிமை பெறுவதில்லை. இலங்கைக் குடியுரிமை வேண்டுமெனில், அயல்நாட்டில் நேர்ந்த அப்பிறப்பை அந்நாட்டு அரசிடம் பதிதல் வேண்டும். இரண்டும் இல்லாத குழந்தை எந்நாட்டிற்கும் உரியதன்று.

இதற்கு வழி யாது? பிறந்த 21 நாள்களுக்குள் உள்ளூர்ப் பதிவாளரிடம் பதிந்து சான்று பெறுதல் வேண்டும். பின்னர்ப் பெற்றோரின் ஆவணங்களுடன் அதனைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அளித்தல் வேண்டும். தந்தையின் பெயர் ஓரேட்டில் ஒருவிதமாகவும் மற்றோரேட்டில் வேறுவிதமாகவும் இருப்பின் காரியம் தடைப்படும். கடல் கடந்த அவசரத்தில் தம் ஆவணங்களை இழந்தோர்க்கு இடர் இன்னும் மிகுதி.

ஆதலின், இத்தொண்டிற்கு வர விரும்பும் மாணவர்கள் தாய்மார் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கவும், கேட்டதைப் பிழையின்றி எழுதவும் முதலில் பழகுதல் வேண்டும். அவர்கள் எழுதும் ஒரு வரியைப் பற்றியே ஒரு குழந்தை நாளை ஒரு நாட்டின் குடியாக நிற்கும்.