பவுடர் கோட்டிங் நாற்காலிக்கு ஏன் துரு பிடிக்கிறது?

கடலோரத்தில் மொட்டைமாடியில் இரும்பு நாற்காலி போட்டிருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது: "பவுடர் கோட்டிங்னு சொல்லித்தானே வித்தாங்க, அப்புறம் எப்படி துரு?"

பவுடர் கோட்டிங் என்பது தின்னரில் கரைத்த பெயின்ட் இல்லை. மின்னேற்றம் கொடுத்த பாலிமர் பொடியை உலோகத்தின் மேல் தூவி, சுமார் 180–200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைப்பார்கள். பொடி உருகி ஒரே தோலாக இறுகிவிடும். தடிமன் ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு.

அந்தத் தோல் துருப்பிடிக்காது. அது கிழிந்த இடத்தில்தான் வினை: கீறல், வெல்டிங் மூலை, தரையில் உரசும் கால் நுனி. கடல் காற்றில் வரும் உப்பு அங்கே ஈரத்தைப் பிடித்து வைக்கும். துரு தோலுக்கு அடியிலேயே பரவும். கொப்புளம் கண்ணில் படும்போது கால் குழாய் உள்ளே அரித்திருக்கலாம். நம் எடையைத் தாங்குவது அந்த இரும்புதான்.

அதனால் முதல் வேலை உப்பைக் கழுவுவது. கடலோரம் என்றால் மாதம் ஒருமுறை மென்மையான சோப்புத் தண்ணீர், பஞ்சு, பிறகு நல்ல தண்ணீர். உப்புக் கரிக்கிற போர் தண்ணீர் வேண்டாம். துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். கம்பி நார், தின்னர், பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக்கூடாது.

கீறல் தெரிந்தால் உப்புத்தாளால் துருவை மட்டும் தேய்த்து எடுத்து, பிரைமர் தொட்டு, மேலே டச்-அப் பெயின்ட். கால் நுனி ரப்பர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் பெரும்பாலும் அங்கேதான் தேங்கும்.