மதகைத் திறந்தவர் பொறுப்பு

2013 அக்டோபர் 23 அதிகாலையில், மலேசியாவின் ரிங்லெட் அருகே உள்ள சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து மின்நிறுவனமான தெனாகா நேஷனல் தண்ணீரைத் திறந்துவிட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் தண்ணீரும் வீடுகளுக்குள் புகுந்தன, கார்கள் அடித்துச் செல்லப்பட்டன, குறைந்தது மூன்று பேர் இறந்தார்கள். மழை இயற்கை, மதகைத் திறந்தது மனிதர் எடுத்த முடிவு. அணையைக் காக்கவே திறந்தோம் என்றது நிறுவனம். அதை நம்பினாலும், இழப்பு யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மலேசியா 1956ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டத்தின் வழியே ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தைப் பின்பற்றுகிறது. பிறர் நிலத்துக்குத் தெரிந்தே கேடு செய்தவர் அதில் ‘தவிர்க்க முடியாத அவசியம்’ என்று வாதாடலாம். 1950இல் தரைதட்டிய இன்வர்பூல் கப்பல் சுமார் 400 டன் எண்ணெயைக் கடலில் கொட்டியது. உயிர்களைக் காக்க அப்படிச் செய்யலாம் என்றது இறுதித் தீர்ப்பு. ஆனால் அவசியத்தை உண்டாக்கியவரே அதைக் கவசமாக்க முடியுமா? 1985இல் தீர்ப்பான ரிக்பி வழக்கில், ஆயுதக் கடைக்குள் பதுங்கியவனைப் பிடிக்கப் போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியதில் கடை எரிந்தது. அவசியம் என்ற வாதம் ஏற்கப்பட்டது. ஆனால் தீயணைப்பு வசதி இல்லாமல் வீசியது கவனக்குறைவு என்று போலீஸ் நட்ட ஈடு கொடுக்க நேர்ந்தது. சுல்தான் அபு பக்கார் அணை தேக்கிவைக்கும் ரிங்லெட் ஏரியில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்துவந்தது பல ஆண்டுகளாகத் தெரிந்த சேதி. ஆகவே மதகைத் திறக்கும் அவசியம் எப்படி உண்டானது என்ற விசாரணை அந்த ஒரு ராத்திரியோடு நின்றுவிடக் கூடாது.

வண்டலுக்குக் காரணம் மலையைச் சிரைத்த காய்கறித் தோட்டங்கள்தானே, ஆற்றோரம் வீடு கட்டியது யார் குற்றம் என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் மலையை வெட்டியவரும் சேற்றில் வீட்டை இழந்தவரும் ஒரே ஆள் என்று எப்படிச் சொல்வது? பாதிக்கப்பட்டவரிடமும் தவறிருந்தால் ஈட்டுத்தொகையைக் குறைக்க அதே 1956 சட்டம் இடம் தருகிறது. முழுதாய்க் கைகழுவ இடம் தரவில்லை.

இழப்பீட்டுக்குப் பயந்து பொறியாளர் மதகைத் திறக்கத் தயங்குவாரே என்பது இன்னும் கனமான ஆட்சேபம். அமெரிக்காவின் மின்னசோட்டா உச்ச நீதிமன்றம் 1910இலேயே இதற்கு வழிகாட்டியது. புயலில் கப்பலைத் துறையோடு கட்டிவைத்தது சரியே, இருந்தாலும் சேதமான துறைக்கு 500 டாலர் கொடு என்றது. ஆங்கிலேயச் சட்டம் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை, பேசியிருக்கலாம். செய்தது சரியா என்பதும் பணம் யார் தருவது என்பதும் பிரிந்துவிட்டால், திறப்பவர் கை நடுங்க வேண்டியதில்லை. ரிங்லெட் ஏரித் தண்ணீர் மலைக்குள் சுரங்கம் வழியாகப் பேராக் பக்கத்து ஜோர் மின்நிலையத்துக்குப் போகிறது. அந்த மின்சாரத்தின் விலையில் பெர்த்தாம் பள்ளத்தாக்கின் சேதமும் ஒரு செலவாக ஏறட்டும்.