எத்தனாவது படியில் நிற்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை யாராவது உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள், நேயர்களே? "மாடிப்படியிலா, குளத்துப் படியிலா?" என்று திருப்பிக் கேட்பீர்கள். நியாயந்தான். ஆனால் மன்னார்குடியில் இருக்கும் என் அக்காளிடம் ஒரு கைப்பேசி தினந்தோறும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அத்தான் வளைகுடா நாட்டில் உத்தியோகம் பார்க்கிறார். எட்டு வருஷமாகிறது. அக்காளுக்குத் துணையாக இருப்பவர்கள் கல்லூரியில் படிக்கும் பிள்ளையும் எண்பது வயது மாமியாரும். "அம்மா, உனக்கு மன அமைதி வேண்டும்" என்று பிள்ளை அவளுடைய கைப்பேசியில் தியானம் கற்றுத் தரும் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்திருந்தான். அதில் பத்து நிலைகள். ஏழு நாள் விடாமல் உட்கார்ந்தால் ஒரு நிலை ஏறலாம். ஒரு நாள் தவறினால் மறுபடியும் முதலிலிருந்து!

ஐந்தாம் நாள் பால் பொங்கிவிடும். ஆறாம் நாள் மாமியாருக்கு மூச்சிரைக்கும். இன்னொரு நாள் கண்ணை மூடிய சமயம் பார்த்து அத்தான் கூப்பிடுவார். ஆறு மாதம் முயன்றும் இரண்டாவது நிலையைத் தாண்ட முடியவில்லை.

"தம்பி, உத்தியோகத்தில்தான் எனக்குப் பிரமோஷன் இல்லையென்றால், இதிலுமா கிடையாது? என் மனசே மட்டமான மனசோ என்னவோ!" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவளைப்போல் எத்தனை பேரோ! ஆகையால் இந்தப் படிகளின் சங்கதியைக் கொஞ்சம் விசாரித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மறுநாள் அக்காள், "கூத்தாநல்லூரில் என் சிநேகிதியின் வீட்டுக்குப் போகிறேன். நீயும் வா. அவளுடைய மாமியாரிடம் பேசினால் மனசு லேசாகும்" என்றாள். பஸ் ஏறினோம்.

சின்ன சிங்கப்பூர்

கூத்தாநல்லூர் பழைய தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்தது. 1997 முதல் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. சுற்றிலும் காவிரிப் பாசனத்து நெல்வயல்கள். ஊருக்குள் நுழைந்தாலோ பெரிய பெரிய வீடுகள், பள்ளிவாசல்கள், கடைகள். இந்த ஊருக்குச் 'சின்ன சிங்கப்பூர்' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. முஸ்லிம் குடும்பங்கள் மிகுதியாக வாழும் ஊர். தலைமுறை தலைமுறையாக இங்கிருந்து ஆண்கள் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும், பிற்பாடு அரபு நாடுகளுக்கும் பிழைக்கப் போயிருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊர் எழும்பிற்று. அந்தப் பணத்தை எண்ணிச் செலவழித்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பெரியவர்களைப் பேணி, ஊரை ஊராக வைத்திருந்தவர்கள் பெண்கள்.

அக்காளின் சிநேகிதி எங்களை வரவேற்று உட்காரவைத்தார். அவருடைய கணவரும் வெளிநாட்டில்தான் இருக்கிறார். அதனால்தானோ என்னவோ, இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சிநேகம்! அவருடைய மாமியார் எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, அக்காளின் கதையை முழுக்கக் கேட்டார்.

"படி ஏற முடியலைன்னு அழுதியாம்மா? எங்க பெரியவங்களும் நாலு படி சொல்லியிருக்காங்க. ஆனா, இத்தனை நாளைக்குள்ளே ஏறணும்னு கெடு வைக்கலையே!" என்றார்.

நான்கும் நான்கும்

அவர் சொன்ன நான்கு படிகள் சூஃபி ஞானிகள் வகுத்தவை. ஷரீஅத், தரீகத், ஹகீகத், மஃரிபத் என்று பெயர். முதலாவது, மார்க்கம் விதித்த ஒழுக்கத்தில் நிற்பது. இரண்டாவது, குருவின் வழிகாட்டுதலில் உள்ளப் பயிற்சி செய்வது. இறைவனின் திருநாமத்தை இடைவிடாமல் நினைக்கும் 'திக்ரு' இந்தப் பயிற்சியில் முக்கியமானது. மூன்றாவது, உண்மையை உணர்வது. நான்காவது, இறைவனை அறிந்த ஞானம். இதற்கு ஓர் அழகான உவமையும் உண்டு. ஷரீஅத் படகு, தரீகத் கடல், ஹகீகத் முத்து என்பார்கள். படகில்லாமல் கடலுக்குள் போக முடியுமா?

இதைக் கேட்டதும் அக்காள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்களிடமும் நாலுதான் பெரியம்மா! சரியை, கிரியை, யோகம், ஞானம்!"

வாஸ்தவம். சைவத்தில் சொல்லும் நான்கு படிகள் இவை. கோயிலைக் கூட்டி மெழுகுவது, பூத்தொடுப்பது, விளக்கேற்றுவது எல்லாம் சரியை. பூஜை செய்வது கிரியை. புலனை அடக்கி உள்ளுக்குள் தியானிப்பது யோகம். அதற்கும் மேல் ஞானம். இதே காவிரிக் கரையில், திருவாவடுதுறையில் இருந்த திருமூலர் தம்முடைய திருமந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்தில் இவற்றை விளக்குகிறார். தியானத்துக்குரிய அட்டாங்க யோகத்தை மூன்றாம் தந்திரத்தில் சொல்கிறார். தாயுமானவர் இந்த நான்கையும் அரும்பு, மலர், காய், கனி என்று வரிசைப்படுத்தினார். அரும்பைப் பார்த்து, "நீ ஏன் இன்னும் பழமாகவில்லை?" என்று யாராவது கோபித்துக்கொள்வார்களா?

இன்னொன்றையும் கவனியுங்கள். சைவப் பெரியோர் நால்வரையும் இந்த நான்கு நெறிகளுக்கு உதாரணமாகச் சொல்லுவது வழக்கம். சம்பந்தர் கிரியைக்கு, சுந்தரர் யோகத்துக்கு, மாணிக்கவாசகர் ஞானத்துக்கு. அப்பர் சுவாமிகள் எதற்குத் தெரியுமா? முதற்படியான சரியைக்கு! கையில் உழவாரப் படையுடன் கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கியவர் அவர். இந்த டெல்டாவிலேயே உள்ள திருப்புகலூரில் அவர் புல் செதுக்கும்போது மண்ணிலிருந்து பொன்னும் மணியும் வந்தனவாம். அவற்றைப் பருக்கைக் கல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார் என்கிறது பெரிய புராணம். முதற்படிக்காரர் என்பதற்காக அவரை மற்ற மூவருக்கும் கீழே வைத்தவர் உண்டா?

ஆகவே பெருக்குவதும் மெழுகுவதும் மட்டமான காரியமல்ல. மனம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மூலன் மனைவி

இப்படிச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டால் அது சௌகரியமான பேச்சாகிவிடும். "உனக்கு அடுப்படியே தபோவனம், போய்ச் சமையலைக் கவனி" என்று பெண்களிடம் சொல்லுவது ஆண்களுக்கு வெகு சுலபம். திருமூலர் கதையிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது.

கயிலையிலிருந்து தெற்கே வந்த ஒரு சிவயோகி திருவாவடுதுறையை விட்டுப் புறப்பட்டபோது, பக்கத்துச் சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடந்தான். அவன் மேய்த்த பசுக்கள் உடலைச் சுற்றி நின்று கதறின. அதைச் சகிக்காத யோகி, தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடலில் புகுந்தார். பசுக்கள் ஆனந்தப்பட்டன. சாயங்காலம் அவை வீடு திரும்பின. அவரும் பின்னாலேயே வந்தார்.

இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. அப்புறம்? நேரமாகிவிட்டதே என்று காத்திருந்த மூலனின் மனைவி ஓடிவந்தாள். அவர், "உனக்கும் எனக்கும் உறவில்லை" என்று விலகிப்போய் ஒரு மடத்தில் யோகத்தில் அமர்ந்துவிட்டார். அவளுக்கு மக்களில்லை, சுற்றமில்லை. இரவெல்லாம் உறங்காமல் கிடந்தாள். விடிந்ததும் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டாள். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு, "இவர் பெரிய யோகி, இனி உன் வழிக்கு வரமாட்டார்" என்று தேற்றினார்கள். அவள் கலங்கிப் போனாள். சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் இதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அவள் பெயர் என்னவென்று நமக்குத் தெரியாது.

பசுக்களின் கண்ணீர் யோகியின் பிரயாணத்தையே நிறுத்திற்று. அதனால்தான் நமக்குத் திருமந்திரம் கிடைத்தது. அந்தப் பெண்ணின் கண்ணீருக்கு ஊரார் தேறுதல்தான் சொன்னார்கள். அவளுக்கு ஒரு படி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

இதை நான் சொல்லி முடித்ததும் இரண்டு சிநேகிதிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய கணவன்மார் சன்னியாசம் வாங்கவில்லை. பணம் அனுப்புகிறார்கள், கைப்பேசியில் முகம் காட்டுகிறார்கள். இருந்தாலும் இரவு இரவுதானே!

பெரியம்மா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். 'யூசுப் ஜுலைகா' காவியம். இதே கூத்தாநல்லூரில் பிறந்த கவிஞர் சாரணபாஸ்கரன் எழுதியது. பாரசீகத்தில் 15-ஆம் நூற்றாண்டில் ஜாமி என்ற சூஃபிக் கவி பாடிய அதே காதல் கதை. ஜாமியின் காவியத்தில் யூசுபின் அழகில் மயங்கித் தவறு செய்த ஜுலைகா, இளமையை இழந்து, பார்வையை இழந்து, வருந்தி, இறைவனிடம் திரும்புகிறாள். எல்லாம் திரும்பக் கிடைத்து யூசுபை மணந்த பின்போ அவள் உள்ளம் இறைவணக்கத்திலேயே லயித்துவிடுகிறது. இப்போது யூசுப் அவளுக்காக ஏங்குகிறார்! மனிதக் காதல் படிப்படியாக இறைக் காதலாகக் கனிவதாக சூஃபிகள் இதற்குப் பொருள் சொல்வார்கள்.

"படி ஏறினது பொம்பளைதான், பார்த்துக்குங்க தம்பி" என்றார் பெரியம்மா.

காரைக்காலும் இங்கிருந்து அதிக தூரமில்லை. கணவன் கப்பலேறிப் போய் வேறிடத்தில் குடும்பம் அமைத்துக்கொள்ள, தனித்து விடப்பட்ட புனிதவதியார்தானே காரைக்கால் அம்மையார் ஆனார்! இன்றும் அவருக்காக அங்கே மாங்கனித் திருவிழா நடக்கிறது.

ஊருக்கும் படி உண்டா?

தனி மனிதருக்குப் படிகள் இருப்பதுபோல் சமூகத்துக்கும் உண்டு என்று எழுதியவர் புதுச்சேரியில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தர். 1916 முதல் 1918 வரை 'ஆர்யா' பத்திரிகையில் வந்த கட்டுரைத் தொடரில் ஐந்து பருவங்களை அவர் விவரித்தார். முதலில் எல்லாம் உட்பொருள் நிறைந்த அடையாளமாக இருக்கும். பிறகு அது நெறியாகும். அதன்பின் வெறும் சம்பிரதாயமாக இறுகும். அப்போது தனிமனிதன், "ஏன்?" என்று கேட்பான். கடைசியில் மனிதர் தமக்குள்ளே திரும்பிப் பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் 1943-இல் ஆபிரகாம் மாஸ்லோ என்ற மனோதத்துவ நிபுணர் மனிதத் தேவைகளை வரிசைப்படுத்தினார். உணவு, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, கடைசியில் தன் ஆற்றல் முழுமையாக மலர்தல். இதைக் கோபுரம்போல் படம் போட்டுப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தை மாஸ்லோ போடவில்லை. பின்னால் வந்தவர்கள் போட்டது. ஒரு படி முழுவதும் நிறைந்த பிறகுதான் அடுத்தது என்றும் அவர் கண்டிப்புச் செய்யவில்லை.

இதெல்லாம் என் அக்காளுக்கு எதற்கு என்கிறீர்களா? ஒரு வீடும் சின்னச் சமூகந்தானே! 'தாயார் என்றால் விடியற்காலையில் எழுந்து பால் காய்ச்சுகிறவள்' என்பது நம் வீடுகளில் இறுகிப்போன சம்பிரதாயம். முதலில் அதில் அன்பு இருந்தது. இப்போது பழக்கம் மட்டுமே மிஞ்சியிருக்கிறதோ என்று அவ்வப்போது பார்க்க வேண்டாமா?

விடைபெறும்போது அக்காள் பெரியம்மாவைக் கேட்டாள்: "நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள்?"

"அதை நான் கேட்டதில்லைம்மா. சுபுஹுத் தொழுகைக்கு நான் உட்கார்ந்தா, எழுந்திரிக்கிற வரைக்கும் இந்த வீட்டிலே யாரும் என்னைக் கூப்பிடமாட்டாங்க. எம் மருமவளுக்கும் அதே சட்டம்தான். அவ தொழுகையிலே இருந்தா அடுப்பை நான் பார்த்துக்குவேன்."

பஸ்ஸில் அக்காள் வெகுநேரம் பேசவில்லை. வயலில் நாற்றுப் பறித்துக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு வந்ததும் பிள்ளையைக் கூப்பிட்டாள்.

"நாளையிலிருந்து காலை அரை மணி நேரம் பாலும் பாட்டியும் உன் பொறுப்பு. அப்பாவிடமும் சொல்லிவிடு. அந்த நேரத்தில் கூப்பிடக் கூடாது."

"செயலியை என்ன செய்வது அம்மா?"

"இருக்கட்டும். ஆனால் அதற்குக் கணக்குக் காட்டப்போவதில்லை."

முதல் நாள் பால் பொங்கி வழிந்ததாம். அக்காள் எழுந்திருக்கவில்லையாம். இரண்டாம் நாள் பையன் அடுப்பருகே சரியாக நின்றானாம். கடிதமெழுதும் காலமா இது? தொலைபேசியில் அவனே சொல்லிச் சிரித்தான்.

அம்மணிகளே, நீங்கள் எத்தனாவது படியில் நிற்கிறீர்கள் என்று இனி நான் கேட்கமாட்டேன். அம்மணிகளின் வீட்டுக்காரர்களே, பிள்ளைகளே, உங்களைத்தான் ஒரு கேள்வி கேட்கிறேன். நாளைக் காலை உங்கள் வீட்டில் பால் காய்ச்சப்போவது யார்?